பாஸ்டன் கலங்கரை விளக்கம்

பாஸ்டன் கலங்கரை விளக்கம் ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் துறைமுகத்தின் கடல்வாயிலில் உள்ள லிட்டில் புரூஸ்டர் என்னும் பாறைத் தீவில் அமைந்துள்ளது. இன்றைய அமெரிக்க எல்லைக்குள் முதன்முதலில் கலங்கரை விளக்கம் எழுந்த இடம் இதுவே. ஆனால் இப்போது நிற்பது அந்த முதல் கோபுரம் அன்று. இன்றும் நிற்கும் அமெரிக்கக் கலங்கரை விளக்கங்களில் மிகப் பழையது நியூ ஜெர்சியில் உள்ள சாண்டி ஹூக் (1764). மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு.

தோற்றம்

மாசச்சூசெட்ஸ் பிரித்தானியரின் குடியேற்றப் பகுதியாக இருந்த காலத்தில், 1716 செப்டம்பர் 14 அன்று இங்கு முதன்முதலாக விளக்கு ஏற்றப்பட்டது. கப்பல்களிடம் டன்னுக்கு ஒரு பென்னி வீதம் தண்டிய வரியால் அது பராமரிக்கப்பட்டது. மூடுபனியில் ஒளி தெரியாது என்பதால், 1719 இல் ஒலி எழுப்பி எச்சரிக்க ஒரு பீரங்கியும் வைக்கப்பட்டது.

முதல் காவலர்

முதல் காவலர் ஜார்ஜ் வொர்திலேக். 1718 நவம்பரில் தீவுக்குத் திரும்பும்போது படகு கவிழ்ந்து அவரும் மனைவியும் மகளும் உடன் வந்தோரும் மூழ்கி இறந்தனர். பிறர் கப்பல்களைக் காத்தவரின் குடும்பம் அவ்விளக்கின் அருகிலேயே கடலுக்குப் பலியானது. அப்போது 12 வயதுச் சிறுவனாக இருந்த பெஞ்சமின் பிராங்கிளின் இத்துயரைக் கதைப்பாடலாக எழுதித் தெருக்களில் விற்றார்.

போரும் அழிவும்

அமெரிக்க விடுதலைப் போரில், பிரித்தானியக் கப்பல்களுக்கு இவ்விளக்கு பயன்படாதிருக்க, 1775 சூலையில் அமெரிக்கப் படையினர் இதை இருமுறை தாக்கினர். 1776 சூனில் துறைமுகத்தை விட்டு வெளியேறிய பிரித்தானியர் கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். வழிகாட்டும் ஒளி எதிரிக்கும் வழிகாட்டும் என்பதால், இரு தரப்பினருமே இதை அணைக்க முனைந்தனர்.

இன்றைய கோபுரம்

இப்போதுள்ள கோபுரம் 1783 இல் கட்டப்பட்டது. 1859 இல் உயர்த்தப்பட்டு 89 அடி (27 மீட்டர்) ஆனது. அதே ஆண்டில் பிரெனெல் வில்லையும் பொருத்தப்பட்டது. நாற்புறமும் சிதறும் ஒளியை இவ்வில்லையின் கண்ணாடிப் பட்டகங்கள் குறுகிய கற்றைகளாகத் திரட்டுகின்றன. உள்ளே விளக்கு அணையாமல் எரிகிறது, சுழல்வது வில்லைதான். ஒவ்வொரு கற்றையும் மாலுமியின் கண்ணைக் கடக்கும்போது ஒரு மின்னொளி தெரியும். 10 வினாடிக்கு ஒருமுறை தோன்றும் வெண்ணிற ஒளி இவ்விளக்கின் அடையாளம். அதைக் கொண்டே மாலுமி இது எந்த விளக்கு என்று அறிகிறார்.

காவலர் மரபு

1998 இல் விளக்கு தானியங்கியாக்கப்பட்டது. அமெரிக்காவில் கடைசியாகத் தானியங்கியானது இதுவே. அதன்பின்னும் காவலர் பணி தொடர்ந்தது. 2003 இல் சாலி ஸ்னோமன் இங்கு முதல் பெண் காவலராகப் பொறுப்பேற்று, 2023 இறுதியில் ஓய்வு பெற்றார்.