உங்களுக்குத் தெரியுமா? தலைக்குள் நீர் ஏறினால் காது இரையும்!

நம் மூளை நீரில்தான் மிதக்கிறது. பெரியவர்களுக்குத் தலையிலும் முதுகுத்தண்டிலும் சேர்த்து இருக்கும் நீர் சுமார் 150 மில்லி. ஒரு நாளில் ஊறுவதோ ஏறத்தாழ 500 மில்லி! ஊறுவது ஊற, வடிவது வடிந்துகொண்டே இருக்க வேண்டும். வடியும் வழி அடைபட்டால் மூளையில் நீர் கோத்துக்கொள்ளும்.

இந்த நீருக்கும் காதுக்கும் இடையே கபால எலும்புக்குள் ஒரு நுண்ணிய கால்வாய் இருக்கிறது. உட்காதின் காக்ளியாவில் தொடங்கி, மூளையைச் சூழ்ந்த நீர்வெளியில் போய்த் திறக்கிறது. குழந்தைகளுக்கு இது தாராளமாகத் திறந்திருக்கும். வயதானால் பலருக்குக் குறுகிவிடும். ஒரே அழுத்தம் ஒருவர் காதைப் படுத்துவதும் இன்னொருவர் காதை விட்டுவிடுவதும் இதனால் இருக்கலாம் என்கிறார்கள் மருத்துவர்கள்.

உட்காதுக்குள் காற்று இருப்பதாகத்தான் ஒரு காலத்தில் நம்பினார்கள். அங்கே இருப்பது நீர் என்று 1760களின் தொடக்கத்தில் காட்டியவர் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் டொமெனிகோ கொட்டூன்யோ. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரை 1764இல் விவரித்தவரும் அவரேதான்.

காதுக்குள் 'உஷ்... உஷ்...' என்று சத்தமா? மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பாருங்கள். நாடித் துடிப்போடு சத்தமும் சேர்ந்து வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கட்டியோ அடைப்போ இல்லாமலே தலைக்குள் அழுத்தம் ஏறும் நோய் ஒன்று உண்டு. உடல் பருத்த இளம் பெண்களிடம் அதிகம் காணப்படுவது. தலைவலி, கண் மங்கல், இந்த இரைச்சல் மூன்றும் அதன் அடையாளங்கள். கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடலாம்.

அழுத்தம் குறைந்தாலும் தொல்லைதான். முதுகில் ஊசி போட்டு மரக்கச்செய்து அறுவை முடிந்தபின் சிலருக்குச் சில நாள் காது மந்தமாவது இதனால்தான்.

மண்டையைத் துளைக்காமல், செவிப்பறையின் மிகச்சிறிய அசைவைக் கொண்டே மூளை அழுத்தத்தைக் கணிக்கும் முறையை இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் உருவாக்கினார்கள்.

மூளையில் கோத்த நீரை வயிற்றுக்குள் வடித்துவிடத் தோலுக்கடியில் பதிக்கும் குழாய்க்கு 'ஷண்ட்' என்று பெயர். உத்தரப் பிரதேசத்து ஷாஜஹான்பூரில் செய்த மலிவான ஷண்டையும் விலையுயர்ந்த வெளிநாட்டு ஷண்டையும் உகாண்டாவில் குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்தும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை! ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன?

மியன்மாவின் தாமுவே பகுதி வாசகர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். உலக அளவில் காசநோய் மிகுந்த நாடுகளில் மியன்மாவும் ஒன்று. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. மூளை உறையைத் தாக்கினால் நீரின் பாதை அடைபடும். செவி நரம்பும் வீங்கிக் கெடலாம். நோய்க்கிருமியைக் கொல்லச் சில வேளைகளில் தரும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் சிலருக்கு உட்காதைக் கெடுத்துவிடும். ஊசி போடும் நாள்களில் காது இரைந்தாலோ, நடை தள்ளாடினாலோ அன்றே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

காசநோயால் மூளையில் நீர் கோக்கும் நோய்க்கான சிகிச்சையில் நம் வேலூருக்கு உலகப் பெயர் உண்டு. 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அதே துறை 1991இல், காசநோயால் மூளையில் நீர் கோத்தவர்களை முக்கியமாக நினைவுநிலையை வைத்து நான்கு படிகளாகப் பிரித்தது. மருத்துவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். நினைவு தெளிவாக இருக்கும்போதே வந்தவர்கள்தான் அதிகம் பிழைத்தார்கள். முற்றிலும் நினைவிழந்தபின் வந்தவர்களைக் காப்பாற்றுவது அரிது.

வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், தலைவலி, வாந்தி, பிள்ளை சோர்ந்து கிடப்பது... இவற்றைச் சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். குழந்தைகளை காசநோயால் வரும் இந்த மூளைக்காய்ச்சலிலிருந்து பெருமளவு காப்பது பிசிஜி தடுப்பூசி. உங்கள் வீட்டுப் பச்சைக் குழந்தைக்குப் போட்டாகிவிட்டதா என்று இன்றே அட்டையை எடுத்துப் பாருங்கள்.