அரசின் செலவும் நாட்டின் வளர்ச்சியும்

அரசு மிகுதியாகச் செலவிட்டால் நாடு வளருமா, நலியுமா? வளரும் என்பார் ஒரு சாரார். நலியும் என்பார் மற்றொரு சாரார். இந்திய நாட்டின் பட்டறிவை நோக்கின், செலவின் அளவைக் காட்டிலும் அதன் பயனும், அதற்குப் பணம் வந்த வழியுமே இவ்வினாவிற்கு விடை பகர்வன எனலாம்.

அரசு ஒரு கால்வாய் வெட்டுவதாகக் கொள்வோம். கூலி பெறும் தொழிலாளி அரிசியும் துணியும் வாங்குகிறார். அதனால் வருவாய் பெற்ற வணிகரும் செலவிடுகிறார். இவ்வாறு ஒருவர் செலவு மற்றவர் வருவாயாகிப் பெருகுவதைப் பொருளியலார் 'பெருக்கி விளைவு' என்பர். ஆயின், பணம் பெருகும் அளவிற்குப் பண்டம் பெருகாவிடில் விலைதான் ஏறும். கால்வாயில் நீர் பாய்ந்து விளைச்சல் மிகும்போதே செலவு வளர்ச்சியாகக் கனிகிறது. சட்லஜ் ஆற்றின் குறுக்கே எழுந்து, 1963-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பக்ரா அணை இதற்குச் சான்று. பஞ்சாப், அரியானா மாநிலங்களின் பசுமைப் புரட்சிக்கு அதன் பாசனம் பெருந்துணையாயிற்று.

அணையும் சாலையும் மூலதனச் செலவு. சம்பளம், மானியம், வட்டி ஆகியன வருவாய்ச் செலவு. முன்னது ஆக்கம், பின்னது வீண் என்று கருதுவோர் உளர். அது முழு உண்மையன்று. காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-இல் சத்துணவுத் திட்டமாக விரிந்த மதிய உணவு, கணக்கேட்டில் பெரும்பாலும் வருவாய்ச் செலவே. ஆயினும் அது ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஈர்த்தது. கற்ற தலைமுறையொன்று உருவாகத் துணைநின்றது. தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்குமாறு 2001-இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது.

இனி, பணம் வரும் வழியை நோக்குவோம். 1980-களில் மைய அரசு வரவை விஞ்சிச் செலவிட்டுப் பற்றாக்குறையைக் கடனால் நிரப்பியது. பொருளாதாரம் முன்னினும் விரைந்து வளர்ந்தது உண்மையே. ஆனால், 1990-91-இல் நிதிப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 8 விழுக்காட்டை எட்டிற்று. அவ்வேளையில் வளைகுடா நெருக்கடியால் எண்ணெய் விலை ஏறியது; அங்குப் பணிபுரிந்தோர் அனுப்பிய பணமும் குறைந்தது. அந்நியச் செலாவணி வற்றவே, 1991-இல் தங்கத்தை அடகு வைத்துக் கடன் பெற நேர்ந்தது. பற்றாக்குறைக்கு வரம்பு கட்டும் நிதிப் பொறுப்புச் சட்டம் 2003-இல் இயற்றப்பட்டது.

இன்றைய கடனுக்கு வட்டி கட்டப்போகிறவர்கள் இன்றைய மாணவர்களே. பழைய கடனின் வட்டி பெருகப் பெருக, புதிய பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எஞ்சுவது குறையும். ஆதலின், ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் வெளியாகும்போது, 'எத்தனை கோடி?' என்று வியப்பதோடு நில்லாது, 'எதற்காக? எவ்வழியில் வந்த பணம்? எத்தனை ஆண்டுப் பயன்?' என வினவும் பழக்கத்தை மாணவச் செல்வங்கள் மேற்கொள்ளுதல் வேண்டும்.