அடுப்பேறா அமுது

முக்கனி என்னுஞ் சொல்லை அறியாத தமிழ் மாணவர் இலர். கட்டுரையில் எழுதுவர், மேடையில் முழங்குவர். மா, பலா, வாழை மூன்றையும் ஒரே கலத்திற் கூட்டி உண்டவர் யாவர் என வகுப்பிலே வினவினால் மட்டும் கைகள் எழுவது அரிது. சொற்புணர்ச்சியிலேதான் அவை நமக்கு நன்கு பழக்கம். பலாவும் வாழையும் பழத்தோடு புணருங்கால் வல்லெழுத்து மிகும். மா ஒன்றே மெல்லெழுத்துப் பெற்று மாம்பழம் ஆகும். (மூன்றனுள் மெல்லியது அதுவே என்பதற்கு இலக்கணமுஞ் சான்று போலும்!)

2024 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் என் தம்பியின் மகள் கனடாவிலிருந்து வந்திருந்தாள். அவள் நனிசைவ நெறியினள். நம் சைவ உணவிலே பாலுக்கும் நெய்க்கும் தடையில்லை. 1944 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே தனிச்சங்கம் கண்ட அந்நெறியோ பால், தயிர், நெய், தேன் யாவற்றையும் விலக்குவது. அதன்மேலும் ஒருபடி சென்று, அடுப்பேறிய உணவையும் அவள் அக்காலத்தில் விலக்கியிருந்தாள். எண்பதைக் கடந்த என் தாயார் பேர்த்திக்கென்று பாற்பாயசம் காய்ச்சி வைத்திருந்தார். பிள்ளை தொடவில்லை. "என்ரை கையாலை குடுத்ததை வேண்டாம் எண்டிட்டாள்" என்று அவர் முகந் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் இருவரிடையே பேச்சுக் குறைந்தது. அவளை வற்புறுத்தி ஒருவாய் குடிக்கச் செய்யுமாறு சுற்றத்தார் என்னிடம் கூறினர். வந்தவரின் கொள்கையை உடைத்து ஊட்டுவது விருந்தோம்பல் ஆகாது என்பது என் துணிபு.

மூன்றாம் நாள் முக்கனியை நாடினேன். ஆனி அதற்கு வாய்த்த காலம். தென்மராட்சி மாவும் பலாவும், நீர்வேலி வாழையும் ஒருங்கே சந்தைக்கு வரும். கறுத்தக்கொழும்பான் 2, பலாச்சுளை 12, நன்கு கனிந்த கதலி 4, தேங்காய் 1, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 10 ஆகியன ஆறு பேருக்குப் போதும். பலாவை வெட்டுமுன் கையிலுங் கத்தியிலும் தேங்காயெண்ணெய் பூசவேண்டும் என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு யான் சொல்லவேண்டியதில்லை.

இனிப்பிலேதான் இடர்ப்பாடு. பனங்கட்டி போடலாம் என்றேன். "அது கருப்பணியைக் காய்ச்சி எடுக்கிறதல்லோ, பெரியப்பா?" என்றாள். அயல்நாட்டில் வளர்ந்தவள் அதனை அறிந்திருந்தமை எனக்கு மகிழ்ச்சியே. ஆதலின் பேரீச்சம்பழத்தை ஒருமணி நேரம் நீரில் ஊறவிட்டு அம்மியில் மைபோல் அரைத்தோம். அரிந்த வாழைப்பழம் காற்றுப் பட்டுக் கறுக்கும். சிறிது தேசிக்காய்ப்புளி பிசறினால் அந்நிறமாற்றந் தாமதிக்கும், இனிப்பும் எடுப்பாய்த் தோன்றும். மூன்று கனியையும் விரற்கணு அளவில் அரிந்து, பேரீச்ச விழுதோடு கலந்தோம். ஏலம் சேர்ப்பாருமுளர். கறுத்தக்கொழும்பானின் மணத்தை அது மூடிவிடும் ஆதலின் யான் வேண்டாமென்றேன்.

எஞ்சியது தேங்காய்ப்பால். காய்ச்சாத பால் நம் வெயிலிற் சில மணி நேரத்திலே புளித்துவிடும். உண்ணும் வேளைக்கே பிழிதல் வேண்டும். பிள்ளை திருவலையில் அமர்ந்து தேங்காயைத் திருவத் தொடங்கினாள். திண்ணையிலிருந்து நெடுநேரம் பார்த்திருந்த என் தாயார் எழுந்து வந்தார்.

"தள்ளு பிள்ளை. சிரட்டை வரைக்கும் திருவாதை, பால் கறுக்கும்."

தாமே அமர்ந்து திருவினார். கைந்நீர் தெளித்துப் பிழிந்து, முதற்பாலை மட்டும் கலத்தில் ஊற்றி அவளிடம் நீட்டினார். இரண்டாம் பாலைச் சொதிக்கு எடுத்துவைத்தார்.