ஆப் கொடுக்கும் ஆர்டரும் உங்கள் பெயரில் உள்ள உரிமமும்

இங்கிலாந்தில் பலசரக்கோடு மதுபானமும் விற்கும் தெருமுனைக் கடைகள் பலவற்றை ஈழத்தமிழர்கள் நடத்துகிறார்கள். ஈஸ்ட்ஹாம், ஹாரோ, டூட்டிங் என்று இலண்டனில் மட்டுமல்லாமல், தமிழ்க் குடும்பங்கள் அதிகம் இல்லாத சிறு ஊர்களிலும் இத்தகைய கடைகள் உண்டு. விடிய எழுந்து, நள்ளிரவு வரை நின்று உழைத்து உருவாக்கிய கடைகள் அவை. இப்போது அந்தக் கடைகளின் கல்லாவுக்குப் பக்கத்தில் உபர் ஈட்ஸ், டெலிவரூ, ஜஸ்ட் ஈட் போன்ற நிறுவனங்களின் டேப்லட்டும் இருக்கிறது. ஆர்டர் வந்ததும் பியரும் வைனும் பையில் போட்டு அனுப்பப்படுகின்றன. கூடவே சட்டப் பொறுப்பும் கூடுகிறது என்பதைக் கடைக்காரருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஆளில்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்: மது எந்த ஆப் வழியாகப் போனாலும், யார் கொண்டுபோய்க் கொடுத்தாலும், கேள்வி வரும்போது கவுன்சில் முதலில் தேடி வருவது உரிமத்தில் பெயர் உள்ளவரைத்தான். இங்கே சொல்பவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டத்தை ஒட்டியவை. ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன.

உரிமம் எந்த இடத்துக்கு?

இணையத்தில் மது விற்க நினைப்பவர் முதலில் கேட்பது, "வெப்சைட்டுக்கு லைசன்ஸ் எடுக்க வேண்டுமா?" என்பதே. வெப்சைட்டுக்கு உரிமம் தேவையில்லை. இந்த வாடிக்கையாளருக்கு இந்தப் போத்தல் என்று எடுத்து ஒதுக்கி வைக்கும் இடத்துக்குத்தான் உரிமம் வேண்டும். சட்டத்தின் 190-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஆர்டர் பேர்மிங்காமில் உள்ள அலுவலகத்துக்கு வந்து, போத்தல் லெஸ்டரில் உள்ள கிடங்கிலிருந்து எடுக்கப்பட்டால், விற்பனை லெஸ்டரில் நடந்ததாகவே சட்டம் கொள்ளும்.

வீட்டிலிருந்து விற்போர் இதைக் கவனிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஆர்டர் எடுத்து, வீட்டுக் கராஜிலிருந்து சாராயப் போத்தல் விற்பது உரிமமில்லாத விற்பனை. பிறந்தநாள் பரிசுக் கூடையில் ஒரு வைன் போத்தலை வைத்து விலைக்குக் கொடுத்தாலும் அது மது விற்பனைதான். பயணத்தில் சொந்தப் பாவனைக்கென்று வரியில்லாமல் கொண்டுவந்த போத்தலை விற்பது இன்னொரு குற்றம். உரிமம் இல்லாமலோ, உரிமத்தின் நிபந்தனைகளை மீறியோ விற்றால் ஆறு மாதம் வரை சிறை, உச்சவரம்பற்ற அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

கையில் இருக்க வேண்டியவை

முதலாவது பிரமிசஸ் லைசன்ஸ். கடை அல்லது கிடங்குக்குக் கவுன்சில் தருவது. கட்டடத்தின் வரி மதிப்பைப் பொறுத்து விண்ணப்பக் கட்டணம் 100 முதல் 635 பவுண்டு வரை. ஆண்டுக் கட்டணம் 70 முதல் 350 பவுண்டு வரை. விண்ணப்பத்தின் மேல் 28 நாட்கள் கருத்துக் கேட்பார்கள். ஆண்டுக் கட்டணத்தைக் கட்டத் தவறினால் கவுன்சில் உரிமத்தை இடைநிறுத்த வேண்டும். அந்த நாட்களில் ஆப்பில் விற்பதும் உரிமமில்லா விற்பனையே.

இரண்டாவது பெர்சனல் லைசன்ஸ். 18 வயது நிறைந்து, அதற்குரிய தேர்வில் தேறி, குற்றப் பதிவுச் சான்றோடு 37 பவுண்டு கட்டி எடுப்பது. 2015 முதல் இதைப் புதுப்பிக்கத் தேவையில்லை. 2017 ஏப்ரலில் இருந்து, இந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை உள்ளவருக்கே இது கிடைக்கும்.

மூன்றாவது டி.பி.எஸ். என்று நாம் சொல்லும் பொறுப்பாளர். பெர்சனல் லைசன்ஸ் உள்ள ஒருவரின் பெயர் கடை உரிமத்தில் இருக்க வேண்டும். அவர் விலகிப் போய், வேறு பெயர் சேர்க்கப்படாத கடையில் ஒரு பியர் கூட விற்க முடியாது. சொந்தக்காரர் ஒருவரின் பெயரை மட்டும் போட்டுவிட்டு அவர் கடைப் பக்கமே வராமல் இருப்பது, சோதனைக்கு வருபவரின் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கூட்டுச் சேரும் வழிகள்

உரிமமுள்ள கடைக்காரர் டெலிவரி ஆப்போடு சேர்வது எல்லோரும் அறிந்த வழி. சேரும்போது நிறுவனம் உங்கள் உரிமத்தின் பிரதியைக் கேட்கும். அதைக் கொடுத்ததோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். உரிமத்தை எடுத்து நீங்களே படியுங்கள். வெளியே கொண்டுபோய்க் குடிக்க விற்கும் அனுமதி அதில் இருக்கிறதா? டெலிவரியைத் தடுக்கும் நிபந்தனை ஏதும் உண்டா? டெலிவரி தொடங்கும் கடைகள், இருக்கும் உரிமமே போதுமா, அதை மாற்றி எழுத வேண்டுமா என்று கவுன்சிலிடம் கேட்க வேண்டும் என உள்துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. கேட்டதையும் பதிலையும் மின்னஞ்சலில் வைத்திருங்கள்.

உணவகம் நடத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. உள்ளே அமர்ந்து குடிப்பதற்கு மட்டும் உரிமம் உள்ள இடங்கள் வெளியேயும் விற்கலாம் என்று கொரோனாக் காலத்தில் தந்த சலுகை 2025 மார்ச் 31-இல் முடிந்துவிட்டது. கொத்து ரொட்டியோடு பியரையும் அனுப்ப வேண்டுமானால் உரிமத்தை முறைப்படி மாற்றிக்கொள்ள வேண்டும்.

கடையே இல்லாதவருக்கும் வழி உண்டு. உரிமமுள்ள ஒரு கிடங்கோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆர்டரை நீங்கள் எடுக்கலாம். போத்தலைத் தெரிந்தெடுத்துக் கட்டி அனுப்புவதைக் கிடங்கு செய்யும். அல்லது வாடிக்கையாளரை உரிமமுள்ள கடைக்கு அனுப்பிவைத்துக் கமிஷன் மட்டும் பெறலாம். எந்த வழியானாலும் நான்கு விடயங்கள் எழுத்தில் இருக்கட்டும்: வாடிக்கையாளருக்குச் சட்டப்படி விற்பவர் யார், விற்பனைக்கு ஒப்புதல் தரும் பெர்சனல் லைசன்ஸ்காரர் யார், வாசலில் வயதைப் பார்ப்பவர் யார், கொடுக்காமல் திரும்பி வரும் சரக்கு எங்கே போகும். வாய்ப்பேச்சில் முடித்த கூட்டு, வழக்கு வரும் நாளில் உதவாது.

வாசலில் யார் நிற்கிறார்?

இணைய விற்பனையின் பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கடையில் வாங்குபவரின் முகத்தைப் பார்த்து ஐடி கேட்கலாம். ஆப்பில் "எனக்கு 18 வயது" என்ற கட்டத்தைப் பிள்ளையும் தட்டலாம். எனவே வயதை இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும்: ஆர்டர் எடுக்கும்போது ஒரு முறை, கையில் கொடுக்கும்போது இன்னொரு முறை. உள்துறை வழிகாட்டுதலின்படி, போத்தல் கையில் போய்ச் சேரும் கணம்தான் மது பரிமாறப்படும் கணம். 18-க்குக் குறைவாகத் தோன்றினால், புகைப்படமும் பிறந்த திகதியும் உள்ள, ஹொலோகிராம் அல்லது புற ஊதா அடையாளம் கொண்ட ஐடியைப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். பல கடைகள் 25-க்குக் குறைவாகத் தோன்றும் எல்லோரிடமும் ஐடி கேட்கின்றன. அதையே நீங்களும் பின்பற்றுங்கள். வாசற்படியில் வைத்துவிட்டு வருவதும், அண்டை வீட்டில் கொடுப்பதும் மதுவுக்கு வேண்டாம்.

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்பதற்கான அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை ஒரே கடையிலிருந்து இப்படி விற்கப்பட்டால், வழக்குக்குப் பதிலாக 48 முதல் 336 மணி நேரம் வரை மது விற்பனையை நிறுத்தச் சொல்லலாம்.

உங்களைக் காக்கும் வாதமும் சட்டத்திலேயே இருக்கிறது. வயதை அறிய நியாயமான எல்லா முயற்சியும் செய்தேன், உரிய கவனம் எடுத்தேன் என்று காட்ட முடிந்தால் அது எதிர்வாதமாகும். அதைக் காட்டுவது பதிவேடு: ஊழியருக்குப் பயிற்சி கொடுத்த திகதியும் கையெழுத்தும், மறுத்த ஒவ்வொரு விற்பனையின் குறிப்பும், டெலிவரி நிறுவனத்தின் வயதுச் சோதனை விதிகளின் பிரதியும். உரிமத்தில் உள்ள விற்பனை நேரத்தையும் ஆப்பில் மது தெரியும் நேரத்தையும் ஒன்றாக்கி வையுங்கள்.

சரக்கு எங்கிருந்து வந்தது?

2017 ஏப்ரல் 1 முதல், அரசின் வரித்துறையில் பதிவு பெற்ற மொத்த வியாபாரியிடமிருந்தே கடைக்காரர் மது வாங்க வேண்டும். பில்லில் உள்ள பதிவு எண்ணை அரசின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். வேனில் வந்து மலிவு விலைக்குத் தருபவரிடம் வாங்கினால் சரக்குப் பறிபோகும், அபராதமும் வரும், உரிமத்துக்கும் ஆபத்து. தீர்வையும் அதன் மேலான வற் வரியும் சேர்ந்த தொகைக்குக் கீழே மதுவை விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. ஆப்பில் சலுகை விலை போடும்போது இதைக் கணக்குப் பாருங்கள்.

சிக்கல் வந்தால்

கடையை வாங்கினாலோ விற்றாலோ உரிமத்தையும் பெயர் மாற்றுங்கள். கட்டணம் 23 பவுண்டுதான். உரிமம் வைத்திருந்தவர் இறந்தாலோ, கம்பனி கலைக்கப்பட்டாலோ உரிமம் காலாவதியாகிவிடும். அதைக் காப்பாற்ற 28 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

பொலிஸோ, கவுன்சிலோ, அயலவரோ உரிமத்தை மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம். கடிதம் வந்தால் ஒளித்து வைக்காதீர்கள். விசாரணைக்கு முன்பே உங்கள் பக்கத்தை எழுத்தில் கொடுங்கள், திருத்திக்கொண்டவற்றைக் காட்டுங்கள். முடிவு பாதகமாக இருந்தால் 21 நாட்களுக்குள் மஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். அந்தக் காலம் முடியும் வரை, மேன்முறையீடு செய்தால் அது தீரும் வரை, மறுபரிசீலனையின் முடிவு பொதுவாக நடைமுறைக்கு வராது. இந்த 21 நாட்களுக்குள் உரிமச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

பெற்றோருக்கும் உரிமை உண்டு. உங்கள் பிள்ளையிடம் ஐடி பார்க்காமல் மது கொடுக்கப்பட்டால், ஆர்டர் விவரத்தோடு கவுன்சிலின் வணிகத் தர அதிகாரிகளிடம் முறையிடுங்கள். சிறுவரைத் தீங்கிலிருந்து காப்பது இந்தச் சட்டத்தின் நான்கு நோக்கங்களில் ஒன்று.

ஆப்பில் மதுப் பிரிவைத் திறந்து வைத்திருப்பவர்கள் இந்த வாரமே உரிமத்தைப் படியுங்கள், கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், மறுப்புப் பதிவேட்டைத் தொடங்குங்கள். இம்மூன்றும் முடியும் வரை அந்தப் பிரிவை மூடி வைப்பதால் சில நாள் வருமானம்தான் குறையும். உரிமம் போனால் கடையே போகும்.