பசையில் இருப்பது என்ன?

தாராவியின் தோற்பொருட் பட்டறைகளில் நம்மவர் கையாளும் பசையில் நெகிழ்வு தரும் செயற்கை ரப்பரும், பற்றுந்தன்மை தரும் பிசினும், இவற்றைக் கரைத்து நிறுத்தும் டொலுயீன் போன்ற கரைப்பானும் உள்ளன. பசையைத் தடவியபின் சற்றுப் பொறுத்தே ஒட்டுகிறோம் அல்லவா? அவ்வேளையில் கரைப்பான் ஆவியாகி வெளியேறுகிறது. சன்னலற்ற அறையாயின் அது செல்லுமிடம் நம் நுரையீரலே. தலைவலி, மயக்கம் ஆகியன அதனால் விளைவன. எளிதில் தீப்பற்றும் அவ்வாவி, காற்றினும் கனமானதாகலின் தாழ்ந்து தரையருகே தங்கும். தரையிலமர்ந்து தொழில் செய்வோர்க்கு இது சிறிய செய்தியன்று.

அண்டையிலுள்ள மாதுங்காவில் இரசாயனத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. பட்டறைத் தொழிலாளர் அங்கே மாணவராதல் எளிதோ? எனினும், ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். விரிவுரைகளைக் கைப்பேசியிலேயே இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கே கட்டணம் உண்டு. பேச்சு பெரும்பாலும் ஆங்கிலமே. வீட்டில் வேதியியல் பயிலும் பிள்ளை இருப்பின் அருகில் இருத்திக்கொள்வோம்.