எட்டா, நாலா? எண்ணிப் பார்!

கண்ணுகளா, அமீபா உங்களுக்குப் பழக்கமான ஆள்தான். அறிவியல் நோட்டில் கோணல்மாணலாக வரைந்திருப்பீர்களே, அதேதான். "மாமா, அது நம்ம வயிற்றுக்குள்ளேயும் இருக்குமா?" என்று உங்களில் ஒரு வாண்டு கேட்டது. சபாஷ்! அருமையான கேள்வி.

நீங்கள் வரைந்த குளத்து அமீபா நம் உடம்பில் வாழாது. ஆனால் அதன் உறவினர்கள் சிலர் வாழ்வார்கள். 1870இல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் என்ற மருத்துவர் மனித மலத்தில் அமீபாக்களைப் பார்த்து எழுதி வைத்தார். குடலில் தங்கும் அமீபாக்களில் பெரும்பாலானவை சாதுக்கள். பாக்டீரியாவைத் தின்றுவிட்டுச் சும்மா கிடக்கும்.

அவற்றில் ஒன்று எண்டமீபா கோலி. நீங்கள் ஆடும் கோலி இல்லை! பெருங்குடலில் வாழ்வதால் வந்த லத்தீன் பெயர். ஈ. கோலி என்கிறார்களே, அது பாக்டீரியா. இது வேறு, அது வேறு. குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்தானே?

இதற்கு ஒரு பொல்லாத சொந்தக்காரன் உண்டு. பெயர் எண்டமீபா ஹிஸ்டாலிடிகா. சீதபேதி தருவது இவன்தான். மலத்தோடு வெளியேறும்போது இரண்டுமே உருண்டையான கூட்டுக்குள் ஒடுங்கியிருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவு இருக்கும்? கோலியின் கூடு ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படியானால் சாது யார், போக்கிரி யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நுங்கு வாங்கும்போது எத்தனை கண் என்று பார்ப்போம் இல்லையா? அதே வேலைதான். கூட்டுக்குள் இருக்கும் உட்கருக்களை எண்ண வேண்டும். முதிர்ந்த கூட்டில் எட்டு இருந்தால் கோலி. நாலு இருந்தால் ஹிஸ்டாலிடிகாவாக இருக்கலாம்.

ஆய்வகத்து அக்கா ஒரு சொட்டு அயோடின் விடுவார். உட்கருக்கள் பளிச்சென்று தெரியும். ஆனால் எட்டும் ஒரே மட்டத்தில் இருக்காது. சில மேலே, சில கீழே. அதனால் நுண்ணோக்கியின் திருகை மெல்ல மெல்லத் திருப்பி எண்ணுவார். அவசரப்பட்டால் கணக்குத் தப்பும். முதிராத கோலிக் கூட்டில் நாலே இருப்பதும் உண்டு! ஆகவே ஒரு கூட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல மாட்டார். பல கூடுகளைப் பார்ப்பார்.

இதுவரை புரிந்ததா? இனிமேல்தான் சிக்கல்.

ஒரே மாதிரி இரண்டு மாங்காய். ஒன்று புளிக்கும், ஒன்று இனிக்கும். தோலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? ஹிஸ்டாலிடிகாவுக்கும் அப்படி ஓர் இரட்டைப் பிறவி உண்டு: எண்டமீபா டிஸ்பார். அதற்கும் நாலு உட்கருதான். ஆனால் நோய் தராது. இவை இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று 1925இலேயே எமில் பிரம்ப்ட் சொன்னார். பலர் ஏற்கவில்லை. 1993இல்தான் இரண்டையும் முறையாகப் பிரித்து எழுதினார்கள். பாவம், 68 ஆண்டுகள்! இன்று டி.என்.ஏ. பரிசோதனை இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். நுண்ணோக்கியில் ஒரே ஒரு நல்ல தடயம் உண்டு. கூட்டை விட்டு வெளியே வந்து நகரும் அமீபாவின் உடலுக்குள் ரத்தச் சிவப்பணு தெரிந்தால், அது பெரும்பாலும் ஹிஸ்டாலிடிகாதான்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் பிரிக்கிறார்கள்? சாது அமீபாவுக்கு மருந்து வேண்டாம். போக்கிரி என்று தப்பாக எண்ணினால் ஒரு குழந்தை வீணாக மாத்திரை விழுங்க நேரும்.

அடுத்த முறை பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கி கிடைத்தால், மணி அடிக்கப் போகிறதே என்று அவசரப்படாதீர்கள், செல்லங்களே. மெல்லத் திருகுங்கள். இரண்டு முறை எண்ணுங்கள்.