தெரியுமா? என் முதுகுப்பைக்குள் ஒரு பெங்குவின் இருக்கிறது!

சர்ர்ரக்!

முதுகுப்பையின் மேல்மூடியைப் பிரித்தால் வருமே, அந்தச் சத்தம் எங்கே பிறந்தது தெரியுமா? ஒரு நாயின் ரோமத்தில்! 1941ல் சுவிட்சர்லாந்துக்காரர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் தன் நாயோடு ஆல்ப்ஸ் மலைப்பக்கம் நடந்துவிட்டு வீடு திரும்பினார். நம் ஊரில் நாயுருவிப் புதருக்குள் புகுந்து வந்தால் வேட்டியெல்லாம் ஒட்டிக்கொள்ளுமே, அதுபோல நாய் மேலும் அவர் கால்சட்டை மேலும் முள்விதைகள். நாமாக இருந்தால் திட்டிக்கொண்டே பிய்த்துப் போட்டிருப்போம். அவர் ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நுனியெல்லாம் குட்டிக் குட்டிக் கொக்கிகள்! வெல்க்ரோ பிறந்த கதை இதுதான்.

அடுத்த வாரம் சந்தக்ஃபு போகிறேன். மேற்கு வங்கமும் நேபாளமும் தோள் உரசும் சிங்கலிலா மலைமுகட்டில் 3,636 மீட்டர் உயரம். வானம் தெளிந்தால் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மக்காலு என உலகின் முதல் ஐந்து சிகரங்களில் நான்கை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். முதுகில் ஏறும் ஒவ்வொரு கிராமும் அங்கே கணக்கு. அதனால் கூடத்தில் உட்கார்ந்து சாமான்களை ஒவ்வொன்றாக நிறுத்துக்கொண்டிருக்கிறேன். "ஏண்டா, மாவு நிறுக்கிற தராசுல சாக்ஸையா வைப்பே?" என்று அம்மா ஏற்கெனவே ஒரு சுற்று கேட்டாயிற்று.

முதலில் போன். ஆண்ட்ராய்டு என்றுதான் சொல்கிறோம். ஆனால் அமைப்புகளுக்குள் போய், 'போனைப் பற்றி' என்ற பக்கத்தைக் கொஞ்சம் தோண்டுங்கள். 'கர்னல் பதிப்பு' என்று ஒரு வரி இருக்கும். அது லினக்ஸ்! 1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகவும், சும்மா பொழுதுபோக்குக்குத்தான், பெரிதாக ஒன்றும் ஆகாது என்றும் அறிவித்தார். பெரிதாக ஒன்றும் ஆகாததன் நிலவரத்தைக் கேளுங்கள்: 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளும், ஒன்றுவிடாமல், அதில்தான் ஓடுகின்றன.

அவர் அதற்கு வைத்திருந்த பெயர் 'ஃப்ரீக்ஸ்'. நல்லவேளை, கோப்புகளை இணையத்தில் ஏற்றிய நண்பர் ஆரி லெம்கேவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. யாரையும் கேட்காமல் கோப்புறைக்கு 'லினக்ஸ்' என்று பெயர் போட்டுவிட்டார்! சரி, சின்னத்தில் ஏன் பெங்குவின்? 1993ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஒரு குட்டிப் பெங்குவின் லினஸைக் கொத்தியதாம். அதிலிருந்து தனக்குப் பெங்குவின் நோய் பிடித்துவிட்டதாக அவரே வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். நிரல் உலகில் இதைவிடப் பயன்பட்ட கடி இருக்குமா என்று தெரியவில்லை.

மூச்சு வாங்காதீர்கள், இப்போது செவ்வாய் கிரகத்துக்குப் போகிறோம்.

2021 ஏப்ரல் 19. பூமிக்கு வெளியே இன்னொரு கிரகத்தில் முதல்முறையாக, எஞ்சின் விசையோடு கட்டுப்பாடாக ஒரு பொருள் பறந்தது. நாசாவின் இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டர். 3 மீட்டர் உயரம், 39 விநாடி. அதன் எடை எவ்வளவு தெரியுமா? 1.8 கிலோ! என் கூடாரமும் தூங்கும் பையும் சேர்ந்தால் அதைவிடக் கனம். அதன் மூளை ஸ்னாப்டிராகன் 801. 2014ல் கடையில் விற்ற சாம்சங் கேலக்ஸி எஸ்5 போனில் இருந்த அதே சில்லு! அதில் ஓடியதும் லினக்ஸ். அது பறந்தபோது, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளம் கணக்கெடுத்தது: அதற்குள் பயன்பட்ட, யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள்களுக்குப் பங்களித்தவர்கள் கிட்டத்தட்ட 12,000 பேர். பலருக்குத் தாங்கள் எழுதிய வரி செவ்வாயில் ஓடுகிறது என்பதே அன்றுதான் தெரிந்தது! அவர்கள் எல்லாருடைய கிட்ஹப் பக்கத்திலும் ஒரு பதக்கம் ஒட்டப்பட்டது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு சின்னப் பிழையைத் திருத்திக் கொடுத்தவர்களும் அதில் உண்டு. ஐந்தே தடவை பறந்தால் போதும் என்று அனுப்பிய வண்டி அது. 72 தடவை பறந்தது! ரைட் சகோதரர்களின் 1903 விமானத் துணியில் தபால்தலை அளவுத் துண்டு ஒன்றை அதன் சூரியத் தகட்டுக்கு அடியில் கட்டி அனுப்பியிருந்தார்கள். 2024 ஜனவரியில் இறக்கை உடைந்து, அந்தத் துணியோடு அங்கேயே நிற்கிறது.

அதற்கு மின்சாரம் தந்தவை என்ன? 18650 அளவு லித்தியம் அயன் மின்கலங்கள். கடையில் கிடைக்கும் ரகம். நல்ல டார்ச் ஒன்றைத் திருகிப் பாருங்கள், பெருவிரலைவிடச் சற்றே நீளமான அந்த உருளை அதேதான். பல பவர் பேங்குகளின் வயிற்றிலும் அதுவே.

பவர் பேங்க் என்றதும் ஞாபகம் வருகிறது. 20,000 எம்ஏஎச் என்று அட்டையில் போட்டிருப்பதில் உங்கள் போனுக்கு 20,000 வராது, தெரியுமா? அது உள்ளிருக்கும் மின்கலத்தின் 3.7 வோல்ட் கணக்கு. வெளியே வருவதோ 5 வோல்ட். 20,000ஐ 3.7ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 14,800. வழியில் சூடாகிப் போவதையும் கழித்தால் இன்னும் குறையும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அளக்கும் படி வேறு. பாக்டோக்ராவுக்கு விமானம் ஏறும்போதும் இதே கணக்குதான்: வரம்பு 100 வாட்-மணி, அதாவது சுமார் 27,000 எம்ஏஎச். கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போட்டால் விமானத்தின் அடிவயிற்றில் தீப்பிடித்தாலும் யாராலும் எட்ட முடியாது.

போனுக்கே திரும்புவோம். மலைமேல் சிக்னல் செத்துவிடும். ஆனால் ஜிபிஎஸ் சாகாது! சிம் இல்லாத போனிலும் அது வேலை செய்யும், ஏனென்றால் போன் எதையும் அனுப்புவதில்லை, ரேடியோ கேட்பதுபோலக் கேட்கிறது, அவ்வளவுதான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள்கள் விநாடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் 'நான் இங்கே, இப்போது மணி இது' என்று ஓதிக்கொண்டே இருக்கின்றன. முழுப் பாடத்தையும் ஒருமுறை ஓதி முடிக்க 12½ நிமிடம்! நெட் இல்லாத இடத்தில் முதல் புள்ளி விழ நேரமாவது அதனால்தான். இன்னொன்று: அங்கே மேலே ஈர்ப்பு குறைவு, வேகம் அதிகம். இரண்டையும் கூட்டிக் கழித்தால் அந்தக் கடிகாரங்கள் நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். ஐன்ஸ்டைன் சொன்னபடி அதைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் 10 கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்தாக்குக்கு நடுவில் நிற்கிறீர்கள் என்று காட்டும்.

2000 மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கு வரும் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலப்படம் செய்துவந்தது. 100 மீட்டர் வரை பிசகும். கலப்படத்தை நிறுத்திய மறுநாளே, மே 3 அன்று, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் காட்டில் டேவ் உல்மர் என்பவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைப் புதைத்து, 'முடிந்தால் கண்டுபிடியுங்கள்' என்று இடப்புள்ளியை வெளியிட்டார். வாளிக்குள் புத்தகம், கவண், ஒரு டப்பா பீன்ஸ்! ஜியோகேச்சிங் என்ற உலகப் புதையல் விளையாட்டு அந்த பீன்ஸ் டப்பாவிலிருந்து கிளம்பியது.

புள்ளி கிடைத்தால் போதுமா, வரைபடம்? அதற்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப். பிரிட்டனில் மக்கள் வரிப்பணத்தில் அளந்த வரைபடத் தரவை மக்களுக்கே காசுக்கு விற்றார்கள். 2004ல் லண்டனில் மாணவராக இருந்த ஸ்டீவ் கோஸ்ட், 'நாமே நடந்து வரைந்துகொள்வோம்' என்று கிளம்பினார். 2006ல் கூட்டமாகப் போய் வைட் தீவையே கையில் ஜிபிஎஸ்ஸோடு சுற்றி வரைந்தார்கள். 2010 ஜனவரி 12ல் ஹைட்டியில் நிலநடுக்கம். தலைநகர் போர்ட்டோ பிரின்ஸுக்கு உருப்படியான வரைபடம் இல்லை. உலகெங்கும் நூற்றுக்கணக்கானோர் வீட்டில் உட்கார்ந்தபடி செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருத் தெருவாக வரைந்தார்கள். சில நாட்களில் மீட்புக் குழுவினரின் கைக்கருவிகளில் அந்த வரைபடம் ஏறியிருந்தது! சந்தக்ஃபு ஒற்றையடிப் பாதையையும் நான் அதிலிருந்துதான் போனில் இறக்கிவைத்திருக்கிறேன். என் பங்குக்குத் திரும்பி வந்து ஒரு தண்ணீர்க் குழாயாவது சேர்க்க வேண்டும்.

அந்தப் பாதையில் ஒரு கூத்து உண்டு. எல்லையில் நடக்கும்போது போன் நேபாள டவரைப் பிடித்தால் கடிகாரம் 15 நிமிடம் முன்னே தாவும். கிரீன்விச் நேரத்தைவிட நேபாளம் 5:45 மணி முன்னே, நாம் 5:30. உலகத்து நேரத்தையெல்லாம் போனுக்குச் சொல்லித் தருவது யார்? தன்னார்வலர்கள் பராமரிக்கும், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தரவுத் தொகுப்பு! சமோவா தீவு 2011 டிசம்பர் 30 என்ற நாளையே காலண்டரிலிருந்து தூக்கியது அதில் இருக்கிறது. இலங்கை 1996ல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அதே வருடம் அரை மணி பின்னே இழுத்து, 2006ல் பழைய நேரத்துக்கே வந்து சேர்ந்ததும் இருக்கிறது. 2011ல் இந்தத் தொகுப்பின் மீது வழக்குப் போட்டு அதைக் கொஞ்ச நாள் இணையத்திலிருந்தே இறக்கவைத்தது யார் தெரியுமா? ஒரு ஜோதிட மென்பொருள் நிறுவனம்! சில மாதங்களில் வழக்கைத் திரும்பப் பெற்று மன்னிப்பும் கேட்டது. அது என்ன நேரத்தில் வழக்குப் போட்டதோ!

நீங்கள் ஆண்ட்ராய்டு போனில் 'கொ' என்று படிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பாரசீகப் பெயர் வேலை செய்கிறது, அது தெரியுமா? கணினியின் நினைவில் முதலில் 'க', அடுத்து ஒகரக் குறி, அவ்வளவுதான் இருக்கும். அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பைக் 'க'வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் நிறுத்துவது ஹார்ஃப்பஸ் என்ற அந்தப் பாரசீகப் பெயர் கொண்ட கட்டற்ற மென்பொருள். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் அதுதான். அது இல்லாவிட்டால் நம் கொம்புகள் ஆளுக்கொரு பக்கம் திரியும்.

இதற்கெல்லாம் மேலே, இணையத்திலிருந்து தரவை எடுத்துவரும் 'கர்ல்'. 1990களில் ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பர்க், அரட்டைக் குழுவில் நாணய மாற்று விகிதம் காட்ட ஒரு சின்ன நிரலில் கைவைத்தார். அது வளர்ந்து இன்று போன், டிவி, கார் என்று 1,000 கோடிக்கும் அதிகமான இடங்களில் உட்கார்ந்திருப்பதாக அவரே மதிப்பிடுகிறார். உரிம விதிப்படி அவர் பெயரும் மின்னஞ்சலும் கார்த் திரையின் ஒரு மூலையில் வரும். விளைவு? கார் மக்கர் பண்ணினால் முன்பின் தெரியாதவர்கள் அவருக்கு எழுதி உதவி கேட்கிறார்கள்!

இலவசம் என்றால் காவல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளருக்கு ஒரு சர்வரில் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் ஆனதுபோல் பட்டது. அரை விநாடி! விடாமல் நோண்டினார். உலகின் ஏராளமான லினக்ஸ் சர்வர்களுக்குப் போய்ச் சேரவிருந்த கள்ளக்கதவு ஒன்று அகப்பட்டது. அது ஒளிந்திருந்த மென்பொருளின் பொறுப்பாளரது நம்பிக்கையை இரண்டு வருடத்துக்கு மேல் சம்பாதித்து யாரோ வைத்த கதவு. நான் அரை மணி நேரம் தாமதமானாலே கவனிக்காத ஆள்.

மின்நூல் கருவி: கிண்டிலும் லினக்ஸ்தான். அதில் நூல்களை அடுக்கித் தரும் காலிபர், 2006ல் தன் சோனி கருவி லினக்ஸோடு பேச மறுத்ததால் கோவிட் கோயல் என்ற இந்தியர் எழுதத் தொடங்கியது.

அடுத்து ஒரு தீப்பெட்டி அளவு ரேடியோ. மெஷ்டாஸ்டிக் என்ற திறந்த மூலத் திட்டம். டவர் வேண்டாம், சிம் வேண்டாம். என் செய்தியை நண்பரின் கருவி வாங்கி, அடுத்தவருக்கு எறிந்து, அவர் இன்னொருவருக்கு எறிந்து, மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகும். ஆனால் ஒன்று: இதை செயற்கைக்கோள் கருவியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து சாட்டிலைட் போனோ இன்ரீச் போன்ற கருவியோ வாங்கிவந்து, தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருந்தால் போலீஸ்தான்.

குளிர்பான டப்பாவை வெட்டிச் செய்த ஸ்பிரிட் அடுப்பு, ஒரு முட்டையைவிட எடை குறைவு. வடிவமைப்பை மலையேறிகள் ஒருவருக்கொருவர் சும்மா கொடுத்துக்கொண்டதுதான். செய்து பார்க்க ஆசைப்பட்டுச் செய்தேன். காட்டுக்கு எடுத்துப் போவதாக இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோர் போனதை இந்த ஊர்க்காரன் மறக்க முடியாது.

கடைசியில் பை. எடையைக் குறைப்பது ஒரு கலை என்று காட்டிய ரே ஜார்டின் முன்னாள் விண்வெளிப் பொறியாளர். தன் பையைத் தானே தைத்து, தைக்கும் முறையையும் ஊருக்குச் சொன்னவர். ஆனால் அவருக்கெல்லாம் பாட்டி ஒருவர் உண்டு. எம்மா கேட்வுட். 11 பிள்ளை பெற்றவர். 1955ல், 67 வயதில், 'நடந்துவிட்டு வருகிறேன்' என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அப்பலாச்சியன் பாதை முழுவதையும், 3,200 கிலோமீட்டருக்கு மேல், தன்னந்தனியாக நடந்தார்! காலில் சாதாரணக் கேன்வாஸ் ஷூ. தோளில் தானே தைத்த துணிப்பை. உள்ளே கம்பளி, மழைக்கோட்டு, குளியலறைத் திரை ஒன்று. கூடாரம் கிடையாது, தூங்கும் பை கிடையாது. இன்னும் இரண்டு முறை அதே பாதையை முடித்தார். கடைசி முறை வயது 70ஐத் தாண்டியிருந்தது.

தராசு 8 கிலோ 400 கிராம் காட்டுகிறது. டூத் பிரஷின் காம்பை அறுத்தால் 6 கிராம் மிச்சமாகும். எடைப் பைத்தியங்கள் நிஜமாகவே அதைச் செய்கிறார்கள், தெரியுமா? ரம்பத்தோடு பால்கனிக்குப் போய், அறுத்து, நுனியைத் தேய்த்துவிட்டுத் திரும்புகிறேன்.

சர்ர்ரக்!

அம்மா மேல்மூடியைப் பிரித்து மீண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறார். "பருப்புப் பொடி வெச்சிருக்கேண்டா. அரை கிலோதான்."